வெஸ்ட் ஆக்லாந்து டவுன்: கடனில் முடிந்த 'முதல் உலகக் கோப்பை' – வரலாற்றைச் சரிபார்க்கும் இழை

#1 · கோல்கம்பம்

தமிழில் இந்தக் கிளப்பைப் பற்றி இருப்பதெல்லாம் ஒரே வரிதான்: "சுரங்கத் தொழிலாளர்கள் ஜுவென்டஸை 6–1 என்று நொறுக்கினார்கள்." அதைத் தாண்டி ஒரு முழுக் கட்டுரை தொகுத்து வருகிறேன். இப்போதைய சட்டகம் இது. ஓட்டை இருந்தால் அடையுங்கள்.

இடம்: இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹம் கவுண்டி. பிஷப் ஆக்லாந்து நகருக்குத் தென்மேற்கே, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலக்கரிச் சுரங்க ஊர். பெயரில் 'டவுன்' இருந்தாலும் ஊர் கிராமம்தான்.

தொடக்கம்: 1893.
1909, 1911: இத்தாலியின் டூரின் நகரில் சர் தாமஸ் லிப்டன் கோப்பை, இரண்டு முறையும் வெற்றி.
1912: கிளப் கலைந்தது. 1914: 'வெஸ்ட் ஆக்லாந்து டவுன்' என்ற பெயரில் மறுபடி தொடக்கம்.
1959–60, 1960–61: நார்தர்ன் லீக் (வடகிழக்கு வட்டார லீக்) பட்டம், அடுத்தடுத்து.
1961: எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) அமெச்சூர் கோப்பை, அதாவது ஊதியம் வாங்காத ஆட்டக்காரர்களின் கிளப்புகளுக்கான கோப்பை, இறுதி, வெம்ப்ளி. வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 1–2 தோல்வி.
2012, 2014: எஃப்.ஏ. வாஸ் (சிறு கிளப்புகளுக்கான கோப்பை) இறுதி, இரண்டிலும் தோல்வி.

மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது. (அ) வுல்விச் ஆர்சனலுக்கு (இன்றைய ஆர்சனல்) போக வேண்டிய அழைப்பு தவறி வந்தது என்ற கதை. (ஆ) 'முதல் உலகக் கோப்பை' என்று தலைப்பிலேயே போடலாமா? (இ) 1912க்கு முன்னும் 1914க்குப் பின்னும் இருப்பது ஒரே கிளப்பா?

#2 · பழைய_ஸ்கோர்கார்டு

ஆட்ட விவரத்தை முதலில் நேராக்கிவிடுவோம். பல தளங்களில் 1909ஐயும் 1911ஐயும் குழப்பி, இரண்டிலும் ஜுவென்டஸை வென்றதாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

1909 ஏப்ரல், ஈஸ்டர் வாரம். நான்கு அணிகள். அரையிறுதியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஸ்போர்ட்ஃப்ராய்ண்டை 2–0. இறுதியில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. விண்டர்தூரை 2–0. இத்தாலி சார்பில் ஆடியது ஜுவென்டஸ், டோரினோ ஆட்டக்காரர்களைச் சேர்த்த கலப்பு அணி. அது விண்டர்தூரிடம் அரையிறுதியிலேயே தோற்றது. ஆக 1909இல் வெஸ்ட் ஆக்லாந்து எந்த இத்தாலிய அணியோடும் மோதவே இல்லை.

1911, மறுபடியும் ஈஸ்டர். அரையிறுதியில் சூரிச் அணியை 2–0, இறுதியில் ஜுவென்டஸை 6–1. இரண்டாம் முறையும் வென்றதால் கோப்பையை நிரந்தரமாகக் கொண்டுபோனார்கள்.

எதிரணிகளின் தரத்தையும் எழுதுங்கள். எல்லாரும் 6–1ஐத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். என் கணக்கில் பெரிய வெற்றி 1909தான். விண்டர்தூர் 1906, 1908 ஆண்டுகளின் சுவிஸ் சாம்பியன், உச்சத்தில் இருந்த அணி. 1911இன் ஜுவென்டஸை இன்றைய ஜுவென்டஸாக நினைத்துக்கொண்டு படிக்கக் கூடாது. 1897இல் தொடங்கிய அந்தக் கிளப் அதுவரை வென்றிருந்தது 1905இன் ஒரே ஒரு இத்தாலியப் பட்டம், அடுத்தது 1926இல்தான்.

#3 · நெல்லை_லெஃப்ட்விங்

அழைப்புக் கதையை ஏன் சந்தேகப்படுறீங்கன்னு புரியல. 'டபிள்யூ.ஏ.' எழுத்து ரெண்டு கிளப்புக்கும் பொருந்துது. லிப்டன் ஆபீஸ்ல யாரோ ஆர்சனலுக்கு எழுதுறதுக்குப் பதிலா இவங்களுக்கு எழுதிட்டாங்க. ஊர்லயே இதைச் சொல்றாங்களே. படத்துலகூட வந்துச்சு.

#4 · பழைய_ஸ்கோர்கார்டு

படத்தைச் சான்றாக எடுக்காதீர்கள் தம்பி. 1982இல் வந்த அந்தத் தொலைக்காட்சிப் படம் 1909, 1911 சம்பவங்களைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. இழையின் பாதிக் குழப்பம் அங்கிருந்து வந்ததுதான்.

அழைப்புக் கதையை ஒரு நாட்காட்டியை வைத்தே சோதிக்கலாம். 1909இல் ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 11. பெரிய வெள்ளி 9ஆம் தேதி, ஈஸ்டர் திங்கள் 12. டூரின் ஆட்டங்கள் அந்த வாரக்கடைசியில். இங்கிலாந்து முதல் டிவிஷனில் (அன்றைய உச்ச நிலை லீக்) ஈஸ்டர் என்றால் வெள்ளி, சனி, திங்கள் என நான்கு நாளுக்குள் இரண்டு மூன்று லீக் ஆட்டங்கள் அடுக்கிவைக்கப்படும் நேரம், கூட்டமும் வசூலும் அதிகம். வுல்விச் ஆர்சனல் அப்போது முதல் டிவிஷன் கிளப். சீசன் முடியாத ஏப்ரலில், அதுவும் ஈஸ்டரில், லீக் ஆட்டங்களைப் போட்டுவிட்டு இத்தாலிக்கு ரயில் ஏற லீக் நிர்வாகம் விட்டிருக்காது. அழைத்தவர்களும் அதை அறியாதவர்கள் அல்ல. இங்கிலாந்து எஃப்.ஏ. அணி அனுப்ப மறுத்தது. தொழில்முறை லீக்குக்கு வெளியேதான் தேட வேண்டியிருந்தது.

அப்படித் தேடும்போது டர்ஹம் பக்கம் கண் போனதில் அதிசயம் இல்லை. அமெச்சூர் ஆட்டத்தின் கோட்டையே அந்த மாவட்டம்தான். வெஸ்ட் ஆக்லாந்தையே எப்படிப் பிடித்தார்கள் என்பதற்குப் பல வாய்மொழி விளக்கங்கள் ஓடுகின்றன. ஆர்சனல் கதை அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். கட்டுரையில் 'ஊரில் சொல்லப்படும் கதை' என்று ஒரு வாக்கியம் போதும்.

#5 · ஓரக்கோடு

(ஆ)வுக்கு என் பதில்: தலைப்பில் போடாதீர்கள். 'உலக' என்ற பட்டத்துக்கு அதற்கு முன்பே வரிசை கட்டி நிற்கிறார்கள்.

1888இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற ரென்டன், எஃப்.ஏ. கோப்பையை வென்ற வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனை 4–1 என்று வென்று 'உலக சாம்பியன்' என்று அறிவித்துக்கொண்டது. ரென்டனும் ஒரு கிராமம்தான். 1895இல் இங்கிலாந்து லீக் சாம்பியன் சண்டர்லாந்து, ஸ்காட்லாந்து சாம்பியன் ஹார்ட்ஸை 5–3 என்று வென்று அதே பட்டத்தைச் சூடியது. அன்றைக்கு சண்டர்லாந்தும் இதே டர்ஹம் கவுண்டி. நாடு கடந்த பல அணிப் போட்டிதான் அளவுகோல் என்றால், 1908இல் டூரினிலேயே ஒரு விளையாட்டு இதழ் பல நாட்டு அணிகளை அழைத்து நடத்திய போட்டியில் ஜெனீவாவின் செர்வெட் வென்றுவிட்டது. அதில் பிரிட்டன் அணி இல்லை. லிப்டனேகூட 1905 முதல் அர்ஜென்டினா–உருகுவே ஆட்டத்துக்கு ஒரு கோப்பை கொடுத்துவந்தார்.

ஃபிஃபா 1904இல் தோன்றியது, அதன் முதல் உலகக் கோப்பை 1930. லிப்டன் கோப்பைக்கும் ஃபிஃபாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இப்படி எழுதுங்கள்: "பல நாட்டு அணிகள் கலந்துகொண்ட தொடக்ககாலப் போட்டிகளுள் ஒன்று, ஊர்மக்கள் இதை முதல் உலகக் கோப்பை என்று கொண்டாடுகிறார்கள், 2013இல் ஊர்ப் பொதுப் புல்வெளியில் சிலையும் நிறுவினார்கள்." உரிமை கோருவதைப் பதிவு செய்யலாம், நீங்களே கோரக் கூடாது.

#6 · தம்பதென்னை

கொஞ்சம் விலகிப் போறன், நெறியாளர் பொறுத்துக்கொள்ளவும். லிப்டன் பெயர் வந்தாலே மலையகத்தில் இருந்து ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கு. க்ளாஸ்கோ மளிகைக் கடைக்காரரான அவர் 1890இல் இலங்கை வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே தம்பதென்னைத் தொழிற்சாலை அந்தக் காலத்தது. மலையுச்சியில் 'லிப்டன் சீட்' இன்றும் சுற்றுலா இடம். கொழுந்து பறிச்சது தமிழ்நாட்டில் இருந்து போன எங்கட முன்னோர்கள். கோப்பைகளுக்கும் படகுப் பந்தயங்களுக்கும் அவர் செலவழித்த செல்வத்தில் அந்த உழைப்பும் இருக்கு. (அமெரிக்காஸ் கப்புக்காக 1899க்கும் 1930க்கும் இடையில் ஐந்து தடவை போட்டியிட்டு ஒருக்காலும் வெல்லவில்லை!) வெள்ளிக் கோப்பை கொடுக்கிறது அவருக்கு விளம்பரமும்தான். தேயிலைப் பெட்டியில் பெயர் அச்சடிச்சு விற்ற முதல் ஆட்களில் ஒருவர் எல்லோ.

கட்டுரையில் லிப்டனை 'பிரபு', 'வள்ளல்' என்று மட்டும் எழுதாமல் 'தேயிலை வணிகர்' என்று தொடங்குங்கோ. கோப்பைக்கும் தேயிலைக்கும் உள்ள தொடர்பு பிறகும் வருது: 1994 ஜனவரியில் கோப்பை திருட்டுப் போனதும், அப்போது லிப்டன் பெயரை வைத்திருந்த யூனிலீவர் உதவியோடதான் நகல் செய்யப்பட்டது.

#7 · நெறியாளர்

தொடர்புள்ளதுதான், இருக்கட்டும். லிப்டன் தேநீர் நல்லதா கெட்டதா என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

#8 · கணக்குப்பிள்ளை

எல்லாரும் கோல் கணக்கையே பார்க்கிறீர்கள். இந்தக் கிளப்பின் வரலாறு பணக் கணக்கில்தான் இருக்கிறது. (இ)க்கான விடையும் அங்கேதான்.

நிலக்கரி வெட்டுபவருக்குக் கூலி வெட்டிய அளவுக்கு. வேலைக்கு வராத நாளுக்குச் சல்லிக்காசு கிடையாது. இங்கிலாந்து எஃப்.ஏ. விதிப்படி அமெச்சூர் ஆட்டக்காரர் வாங்கக் கூடியது பயணச் செலவும் தங்கும் செலவும் மட்டும். இழந்த கூலியை ஈடுகட்டினால் அவர் 'தொழில்முறை' ஆகிவிடுவார். டர்ஹமில் இருந்து லண்டன், கால்வாய்க் கப்பல், பிரான்ஸ் வழியே ரயில், ஆல்ப்ஸைக் குடைந்து போகும் சுரங்கப் பாதை, டூரின் என்று போய்த் திரும்புவதற்குள் எத்தனை ஷிஃப்ட் போகும் பாருங்கள். அந்த இழப்பு முழுக்க ஆட்டக்காரர் தலையில். வீட்டுச் சாமானை விற்றுப் போனார்கள் என்று சொல்லப்படுவது இந்தப் பின்னணியில்தான்.

1911இல் திரும்பி வந்ததும் கிளப் கடனில் மூழ்கியது. கோப்பையை ஊரில் இருந்த வீட்ஷீஃப் ஹோட்டல் உரிமையாளரான பெண்மணியிடம் 40 பவுண்டுக்கு ஈடாக வைத்தார்கள். 40 பவுண்டு என்ன பெரிய தொகை என்று இன்று கேட்கலாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் மிகச் சிறந்த லீக் ஆட்டக்காரருக்கே வாரச் சம்பள உச்சவரம்பு 4 பவுண்டு, 1910க்குப் பிறகு 5. நட்சத்திர ஆட்டக்காரருக்கே எட்டு வாரச் சம்பளம் என்றால் சுரங்க ஊர் கிளப்புக்கு எவ்வளவு பெரிய பாரம்!

அடுத்த ஆண்டே கிளப் கலைந்தது. இதில் ஒரு சட்டக் கோணம் உண்டு, தமிழில் யாரும் எழுதியதில்லை. அந்தக் காலச் சிறு கிளப்புகளில் பெரும்பாலானவை பதிவுபெற்ற கம்பெனிகள் அல்ல, உறுப்பினர் சங்கங்கள். அப்படிப்பட்ட சங்கத்துக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. கடன் ஏறினால் கமிட்டி உறுப்பினர் சொந்தப் பையில் இருந்து கட்ட வேண்டிய நிலை வரலாம். அதனால் கலைத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்துப் பெயருக்குப் பின்னால் ஒரு 'டவுன்', 'யுனைடெட்' சேர்த்துப் புதிதாகத் தொடங்குவது வடகிழக்கில் சகஜம். அதே ஊர், பெரும்பாலும் அதே ஆட்கள், ஆனால் பழைய கடன் புதிய கிளப்பைத் தொடராது.

#9 · கோல்கம்பம்

அப்படியானால் கோப்பை யாருடையது? கலைந்த கிளப் அடகு வைத்ததைப் புதிய கிளப் உரிமை கொண்டாட முடியுமா?

#10 · கணக்குப்பிள்ளை

முடியாததால்தான் விலை கொடுத்தார்கள். அந்தப் பெண்மணி பின்னர் லிவர்பூல் பக்கம் குடிபெயர்ந்தார். கோப்பையும் கூடவே போனது. 1960இல் ஊர் 100 பவுண்டு திரட்டிக் கொடுத்து மீட்டது. 40 பவுண்டுக்கு ஐம்பது ஆண்டு வட்டி சேர்த்தால் 100 என்பது நியாயத்துக்கும் குறைவு. 'மோசடியாகப் பிடுங்கிக்கொண்டார்' என்ற தொனியில் சில இடங்களில் எழுதுகிறார்கள், அபாண்டம். கடன் கொடுத்தவர், ஈடு அவரிடம் இருந்தது.

கோப்பை திரும்பி வந்த நேரத்தையும் கவனியுங்கள். 1959–60, 1960–61 லீக் பட்டங்களுக்கும் 1961 வெம்ப்ளி இறுதிக்கும் நட்டநடுவில்! கிளப்பின் மிக வலுவான மூன்று ஆண்டுகள் அவை. பிறகு அது ஊர்த் தொழிலாளர் மன்றத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, அங்கிருந்துதான் 1994இல் களவு போனது. அசல் இன்றுவரை கிடைக்கவில்லை. கட்டுரையில் படம் போடும்போது 'நகல்' என்று குறிப்பிடுங்கள்.

#11 · பழைய_ஸ்கோர்கார்டு

'ஒரே கிளப்பா' என்பதை முடிவு செய்ய எனக்குத் தெரிந்து மூன்று சோதனைகள்: லீக்கில் இடம் தொடர்ந்ததா, மைதானம் தொடர்ந்ததா, கடன் தொடர்ந்ததா. மூன்றும் 'ஆம்' என்றால் வெறும் பெயர் மாற்றம். மூன்றும் 'இல்லை' என்றால் புதிய கிளப். நடுவில் இருப்பவைதான் தலைவலி.

பக்கத்திலேயே உதாரணங்கள் கிடைக்கின்றன. ஈவன்வுட் டவுன் மூன்று முறை நார்தர்ன் லீக் பட்டம் வென்ற கிராமக் கிளப். 2005இல் ஸ்பென்னிமூர் யுனைடெட் மூழ்கியதும், ஈவன்வுட் தன் லீக் இடத்தோடு ஸ்பென்னிமூரின் மைதானத்துக்குப் போய் 'ஸ்பென்னிமூர் டவுன்' ஆனது. லீக் இடம் ஒரு கிளப்புடையது, மைதானமும் ரசிகரும் இன்னொன்றினுடையவர்கள். ஈவன்வுட் பட்டங்களை ஸ்பென்னிமூர் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால் இரண்டு ஊர்களிலும் இரண்டு பதில் வரும். இன்னொன்று டார்லிங்டன். 2012இல் பழைய கம்பெனி சரிந்ததும் எஃப்.ஏ. புதிய கிளப்பாகவே நடத்தியது. 'டார்லிங்டன் 1883' என்ற பெயரில் நார்தர்ன் லீக்கில் தொடங்கினார்கள். ஊரில் மைதானம் இல்லாததால் பிஷப் ஆக்லாந்தின் ஹெரிடேஜ் பார்க்கில் வாடகைக்கு ஆடி, முதல் சீசனிலேயே பட்டம். பழைய பெயரைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது 2017இல். ரசிகருக்கு அது ஒரே கிளப், எஃப்.ஏ. ஏட்டில் வேறு.

வெஸ்ட் ஆக்லாந்துக்கு நடைமுறை வழி: தொடக்க ஆண்டு 1893 என்றும், '1914இல் மறுதொடக்கம்' என்று அடைப்புக்குள்ளும் போடுங்கள். லிப்டன் கோப்பையைச் சாதனைப் பட்டியலில் வையுங்கள், 'முன்னோடிக் கிளப் வென்றது' என்ற குறிப்போடு.

#12 · நெல்லை_லெஃப்ட்விங்

ஒரு டவுட். இவ்ளோ நல்ல டீம்னா ஏன் மேல போகவே இல்ல? பக்கத்துல பிஷப் ஆக்லாந்து பத்து தடவை அமெச்சூர் கோப்பை ஜெயிச்சிருக்கு. அதுவும் மேல இருக்கிற தொழில்முறை லீக்குக்கு வரல. வடகிழக்கு டீமுக்கெல்லாம் ஆசையே கிடையாதா?

#13 · ஓரக்கோடு

ஆசை இருந்தது, வேறு பக்கம்.

1974 வரை இரண்டு தனி உலகங்கள். அமெச்சூர் கிளப்பின் சிகரம் எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை. 1949 முதல் அதன் இறுதி ஆட்டம் வெம்ப்ளியில். 1954 இறுதி பிஷப் ஆக்லாந்துக்கும் பக்கத்து ஊர் க்ரூக் டவுனுக்கும்: வெம்ப்ளியில் 100,000 பேர், 2–2. நியூகாசிலில் மறு ஆட்டம், ஐம்பதாயிரத்துக்கும் மேல், மறுபடி 2–2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டம், க்ரூக் 1–0. தோற்ற பிஷப் ஆக்லாந்து அடுத்த மூன்று ஆண்டும் (1955, 56, 57) கோப்பையை எடுத்தது. 1958 மியூனிக் விமான விபத்துக்குப் பின் மான்செஸ்டர் யுனைடெட் ஆள் இல்லாமல் தவித்தபோது கைகொடுக்கப் போன மூவர் இந்த அணியினர்: பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லெவின், வாரன் பிராட்லி. பிராட்லி அங்கேயே தங்கி இங்கிலாந்து தேசிய அணிக்கும் ஆடினார். இப்படிப்பட்ட கிளப் நான்காம் டிவிஷனுக்குப் போய் என்ன சாதிக்கும்? மேலும் அன்று லீக்கில் நுழைவது தேர்தல் முறையில். கடைசி இடத்தில் இருப்பவர்களைப் பழைய உறுப்பினர்களே வாக்களித்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். தானாக ஒரு கிளப் மேலே ஏறும் வழி 1987இல்தான் திறந்தது.

அமெச்சூர் என்ற சொல்லை அப்படியே நம்பவும் வேண்டாம். ஆட்டம் முடிந்தபின் காலணிக்குள் காசு வைக்கும் பழக்கம் ஊரறிந்த ரகசியம். 1928இல் க்ரூக் டவுன் மீது எழுந்த புகார் பரவி, டர்ஹமில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் ஆனார்கள். அந்தக் காலத்து அணிப் பட்டியலில் திடீரென்று பாதிப் பெயர்கள் மாறியிருந்தால் காயம் என்று எழுதிவிடாதீர்கள். 1974இல் எஃப்.ஏ. அமெச்சூர்–தொழில்முறை வேறுபாட்டையே எடுத்துவிட்டது, கோப்பையும் அத்தோடு முடிந்தது. அதற்குப் பதிலாகச் சிறு கிளப்புகளுக்கு வந்ததுதான் எஃப்.ஏ. வாஸ்.

#14 · கணக்குப்பிள்ளை

மேலே போகாததற்கு இன்னொரு காரணம், டீசல் செலவு.

இங்கிலாந்து லீக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் படிக்கட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே நான்கு டிவிஷன், 92 கிளப். அதற்குக் கீழே நேஷனல் லீக் 'படி 1'. படி 2இல் வடக்கு, தெற்கு. படி 3இல் நான்கு டிவிஷன், படி 4இல் எட்டு. நார்தர்ன் லீக் முதல் டிவிஷன் படி 5, அதாவது நாட்டில் ஒன்பதாம் நிலை. 1889இல் தொடங்கிய இந்த லீக், உலகிலேயே இரண்டாவது பழைய கால்பந்து லீக். அந்தப் பெருமையில் 1968இல் வந்த நார்தர்ன் பிரிமியர் லீக்குக்குக் கீழே நிற்க மறுத்துக்கொண்டே இருந்து, 1990களின் தொடக்கத்தில்தான் படிக்கட்டுக்குள் வந்தது. அதற்குள் மற்ற லீக்குகள் தாண்டிப் போய்விட்டன.

படிக்கட்டுக்குள் வந்த பிறகும் பட்டம் வென்ற கிளப்புகள் ஏற மறுத்தன. நார்தர்ன் லீக்கில் வெளியூர் ஆட்டம் என்றால் அரை மணி, ஒரு மணி நேரம். ஒரு படி ஏறினால் செவ்வாய்க்கிழமை இரவு மலைகளைத் தாண்டி லங்காஷயருக்குப் பேருந்து. ஆட்டக்காரர் மதியமே வேலையில் இருந்து கிளம்ப வேண்டும். கிளம்ப முடியாதவருக்கு மாற்று ஆள் வேண்டும். அதற்கு அணியைப் பெருக்க வேண்டும். உள்ளூர்ப் பகையாளி வந்தால் நிறையும் மைதானம், எங்கிருந்தோ வரும் அணிக்கு நிறையாது. செலவு ஏறும், வாசல் வசூல் இறங்கும். இருக்கை, வெளிச்சம், சுற்றுச்சுவர் எல்லாம் மேல்படி தரத்துக்கு உயர்த்த வேண்டும்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டர்ஹம் சிட்டி. 2008இல் ஏறினார்கள், 2009இல் இன்னொரு படியும். செயற்கைப் புல் மைதானம். அதற்கும் மேலே போனால் அந்தத் தரை செல்லாது என்று தெரிந்ததும் முக்கியப் பணமுதலை விலகிக்கொண்டார், சம்பளம் நின்றது, அணி கலைந்தது, இளையோரை வைத்து 2009–10ஐ ஓட்டினார்கள். 38 ஆட்டத்தில் 2 வெற்றி, 36 தோல்வி. அந்த 6 புள்ளியும் தண்டனையாகப் பிடிக்கப்பட்டு, இறுதிக் கணக்கு பூஜ்யம்.

இதன் மறுபக்கம் சுவையானது. ஏற வேண்டிய அணிகள் எல்லாம் படி 5இலேயே தேங்கியதால், படி 5, 6 கிளப்புகளுக்கான வாஸ் கோப்பை வடகிழக்கின் சொத்தாகிவிட்டது. 2009, 10, 11 விட்லி பே, 2012 டன்ஸ்டன், 2013 ஸ்பென்னிமூர், 2015 நார்த் ஷீல்ட்ஸ், 2016 மார்பெத், 2017 சவுத் ஷீல்ட்ஸ். ஒன்பது ஆண்டில் எட்டு. தவறிய ஒரே ஆண்டான 2014இலும் இறுதியில் நின்றது நார்தர்ன் லீக் கிளப்தான்: நம் வெஸ்ட் ஆக்லாந்து, ஷோலிங்கிடம் 0–1. 2012இல் டன்ஸ்டனிடம் 0–2 தோற்றதும் இவர்களே. அத்தனை பொற்காலத்தில் இரண்டு முறை வெம்ப்ளி போய் வெறுங்கையோடு திரும்பிய கிளப். 1961ஐயும் சேர்த்தால் மூன்று. டூரினில் இரண்டுக்கு இரண்டு, வெம்ப்ளியில் மூன்றுக்குப் பூஜ்யம்!

#15 · நெல்லை_லெஃப்ட்விங்

அந்தக் கடைசி வரியை அப்படியே கட்டுரைல போடுங்க கோல்கம்பம் அண்ணே.

#16 · கோல்கம்பம்

போடத்தான் போகிறேன். முதன்மைச் சான்று தேட நடைமுறை யோசனை யாராவது சொல்லுங்கள். பிரிட்டிஷ் நாளிதழ் ஆவணத் தளத்தில் 'ஆக்லாந்து' என்று தேடினால் பாதி நியூசிலாந்து ஆட்டுக்கறி விலை.

#17 · பழைய_ஸ்கோர்கார்டு

ஆக்லாந்தைத் தேடாதீர்கள், எதிரணியைத் தேடுங்கள். க்ரூக், ஷில்டன், ஸ்டான்லி போன்ற பெயர்களில் இரண்டை ஒன்றாகக் கொடுத்து, இதழை டர்ஹம் கவுண்டிக்கும் தேதியை ஆகஸ்ட்–மே மாதங்களுக்கும் சுருக்குங்கள். டார்லிங்டனில் 1870 முதல் வரும் 'நார்தர்ன் எக்கோ' முதல் வாசிப்பு. சனிக்கிழமை ஆட்டத்துக்குத் திங்கள் இதழ். அது சுருக்கமாக இருந்தால் அந்த வார உள்ளூர் வாரஇதழ்.

பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது எழுத்து மாறும். 'யு' இடத்தில் 'என்', 'சி' இடத்தில் 'இ' என்று விழும். ஆகவே தேடல் பொய்த்தால் அந்தத் தேதியின் விளையாட்டுப் பக்கத்தை நேரடியாகத் திறந்து கண்ணால் படியுங்கள். 'டபிள்யூ. ஆக்லாந்து' என்று சுருக்கியும் இருக்கும்.

டூரின் ஆட்டங்களுக்கு இத்தாலி 'லா ஸ்டாம்பா' நாளிதழின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசம். 1909 ஏப்ரல் 10 முதல் 14 வரை, 1911 ஏப்ரல் 15 முதல் 19 வரை. ஆட்டக்காரர் பெயர்களை அங்கே இருந்து எடுக்காதீர்கள். அயல்நாட்டுப் பெயர்களை அச்சுக் கோத்தவர் காதில் விழுந்தபடி போட்டிருப்பார். கோல் நேரம், கூட்டம், வானிலை மட்டும் எடுங்கள். பெயருக்கு டர்ஹம் இதழ்.

அணிப் பட்டியலில் இரண்டு கண்ணிகள். ஒன்று, 'ஏ. என். அதர்' என்று ஒருவர் பல கிளப்புக்குப் பல ஆண்டு ஆடியிருப்பார். அவர் ஆள் இல்லை. அச்சுக்குப் போகும்வரை முடிவாகாத இடத்துக்குப் போடும் போலிப் பெயர். இரண்டு, சுரங்க ஊரில் ஒரே குடும்பப் பெயரில் அண்ணன் தம்பி, சித்தப்பா மகன் என்று நான்கு பேர் ஆடுவார்கள். முதலெழுத்து இல்லாத கோலை யார் கணக்கிலும் எழுதாதீர்கள், 'குடும்பப் பெயர் மட்டும்' என்று தனியே வையுங்கள்.

லீக் அட்டவணையில் வென்றது, சமன், தோற்றது ஆகியவற்றைக் கூட்டி ஆடிய ஆட்டங்களோடு ஒத்துப்பாருங்கள். புள்ளிகள் இடித்தால் அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதற்குப் புள்ளி பிடிப்பது இந்த மட்டத்தில் அடிக்கடி நடக்கும்.

#18 · தம்பதென்னை

2009 நூற்றாண்டு ஆட்டத்தையும் சேருங்கோ. வெஸ்ட் ஆக்லாந்து டூரின் போய் ஜுவென்டஸின் 20 வயதுக்குட்பட்டோர் அணியோட ஆடி 1–7 என்று தோற்றது. 'ஜுவென்டஸ் பழிவாங்கியது' என்று தலைப்புப் போட்டவை ஏராளம். அது நட்பு ஆட்டம், இளையோர் அணி. இரண்டையும் சொல்லாமல் எழுதினா வாசகர் ஏமாந்து போவார்.

#19 · ஓரக்கோடு

எஃப்.ஏ. கோப்பைப் பகுதியில் 1998–99 விட்டுப்போயிருக்கிறது. முதல் சுற்றில், பல படி மேலே இருந்த யோவில் டவுனுடன் அங்கே 2–2, திரும்பி வந்து சொந்த மைதானத்தில் 1–1, பெனால்டியில் வெளியேற்றம்.

#20 · கோல்கம்பம்

சேர்த்துவிட்டேன். அட்டவணையில் 'தோல்வி' என்று போடட்டுமா?

#21 · பழைய_ஸ்கோர்கார்டு

வேண்டாம். பெனால்டி உதை அடுத்த சுற்றுக்கு யார் என்று தீர்க்க மட்டும்; ஆட்டக் கணக்கில் அது சமன்தான். இரண்டு சமன் என்று எழுதி, பக்கத்தில் 'பெனால்டியில் யோவில் முன்னேறியது' என்று குறிப்பு கொடுங்கள். 1954 இறுதி போல முடிவு வரும்வரை ஆடுவது எஃப்.ஏ. கோப்பையின் முதன்மைச் சுற்றுகளில் 1991–92 சீசனில் நின்றுவிட்டது, தகுதிச் சுற்றுகளில் அதற்குப் பிறகும் சில ஆண்டு நீடித்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் மறு ஆட்டத்துக்கு மறு ஆட்டம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை தேவை. அட்டவணையில் அதற்கு இப்போதே இடம் விட்டுவிடுங்கள்.